கொழும்பின் மறுபக்கத்தைப் படமாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தச் செலவில் ஆவணப்படம், புகைப்படத் தொடர், ஒலிப்பதிவு, போட்டோக்கொப்பி சஞ்சிகை என்று ஏதோ ஒன்றைக் கொழும்பில் செய்யப் புறப்படுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நிறுவனமோ அடையாள அட்டையோ இல்லாமல், ஒருவரோ இருவரோ செய்யும் வேலைக்கு ஏற்றபடி பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

"மறுபக்கம்" என்று எதைச் சொல்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், முகத்துவாரம், மட்டக்குளி, மாளிகாவத்தை, வனாத்தமுல்ல, தெமட்டகொட, கொம்பனித்தெரு ஆகிய பகுதிகளின் தோட்டங்கள் (கொழும்பில் நெருக்கமான வீட்டுக் குடியிருப்புகளை அப்படித்தான் சொல்வார்கள்), முடுக்குகள், தொடர்மாடிகள். புறக்கோட்டையில் விடியுமுன் மூட்டை இறக்கும் நாட்டாமிகள், இரவில் வீதி கூட்டுவோர், களனிவெளி ரயில் பாதையோரம் குடியிருப்போர். இதில் ஒளிந்திருப்பது எதுவும் இல்லை. மொத்த மாநகரமே 37 சதுர கிலோமீற்றர்தான். கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் பாதி இடங்களுக்கு நடந்தே போகலாம்.

பெயர் வைப்பதில்தான் முதல் சறுக்கல். 2010ஐ அடுத்த ஆண்டுகளில் நகர அபிவிருத்தி அதிகார சபை 1,499 குடியிருப்புகள், 68,812 குடும்பங்கள் என்று கணக்குச் சொல்லி, எல்லாவற்றையும் "வசதி குறைந்த குடியிருப்பு" என்ற ஒரே சாக்கில் போட்டது. அந்தச் சாக்குக்குள் கால்வாய்க்கரைப் பலகை வீடும் இருந்தது. மூன்று தலைமுறையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி மேல்மாடி எழுப்பிய, தண்ணீர்ப் பட்டியலும் மின்பட்டியலும் சொந்தப் பெயரில் வருகிற கல்வீடும் இருந்தது. 2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் உடைக்கப்பட்டவற்றிலும் உறுதிப் பத்திரம் உள்ள வீடுகள் இருந்தன. அதே சாக்கைக் கமராவும் தூக்கிக்கொண்டு போனால், வீட்டை உடைப்பதற்கான நியாயத்தைப் படமே எழுதிக் கொடுத்துவிடும். ஒரு வீட்டைக் காட்டினால் அது எவ்வகை வீடு, கையில் என்ன பத்திரம், எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற நான்கும் படத்தில் எங்காவது வந்தாக வேண்டும்.

பெரிய தொலைக்காட்சிகள் இதைக் காட்டுவதில்லையா?

காட்டுகின்றன: தீப்பிடித்தால், வெள்ளம் வந்தால், சுற்றிவளைப்பு நடந்தால். மீதொட்டமுல்ல குப்பைமேடு 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் சரிந்து 32 பேர் இறந்தபோது எல்லாக் கமராக்களும் அங்கே நின்றன. அதற்கு முன்பு ஆண்டுக்கணக்காக அயலவர் அதே மேட்டுக்கு எதிராகப் போராடியபோது வந்தவை மிகக் குறைவு. 2023 டிசம்பரில் தொடங்கிய "யுக்திய" என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் கமராக்கள் பொலிஸாருக்குப் பின்னாலேயே வீடுகளுக்குள் நுழைந்து, வழக்குப் போடுமுன்பே முகங்களை ஒளிபரப்பின. தனியாள் செய்யும் வேலைக்கு இருக்கும் ஒரே அனுகூலம், சம்பவம் இல்லாத நாளிலும் போக முடிவதுதான்.

என்ன கமரா வாங்க வேண்டும்?

கையிலிருக்கும் கைப்பேசி போதும். வாங்கத்தான் காசு இருக்கிறதென்றால் முதலில் ஒலிக்கருவி வாங்குங்கள்.

எந்தக் கமராவானாலும் முதலில் மாற்ற வேண்டியது, நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. நம்முடைய மின்சாரம் 50 ஹேட்ஸ். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவிகள் பெரும்பாலும் 30 பிரேம், 1/60 என்று இருக்கும். அப்படியே எடுத்தால் டியூப்லைட் எரியும் கடைக்குள் படம் முழுவதும் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டிருக்கும். எடுக்கும்போது சின்னத் திரையில் தெரியாது, வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். புகைப்படத்துக்கும் விளம்பரப் பலகை வெளிச்சத்தில் 1/100ஐவிட வேகமான ஷட்டருக்குப் போகாதீர்கள்.

வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடவேண்டாம். தேநீர்க்கடையின் டியூப்லைட்டிலிருந்து வீதிக்கு வந்ததும் ஒரே ஷொட்டுக்குள் முகம் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறும். 4,500 கெல்வின் அளவில் பூட்டிவிட்டு, மீதியை எடிட்டிங்கில் பாருங்கள்.

தூரத்திலிருந்து இழுத்து எடுக்கும் பெரிய லென்ஸ் இந்த வேலைக்கு உதவாது. முடுக்கின் அகலம் சில இடங்களில் மூன்றடி. 28 அல்லது 35 மில்லிமீற்றர் போதும். தூரத்தில் நின்று எடுப்பவரை மக்கள் உளவுக்காரர் என்றுதான் நினைப்பார்கள், அப்படி நினைக்க அவர்களுக்குக் காரணமும் உண்டு.

சேமிப்பு: நொடிக்கு 100 மெகாபிட் பதிவில் ஒரு மணித்தியாலம் 45 ஜிபி. நாளுக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தால் 128 ஜிபி கார்ட் ஒன்று போதும், ஆனால் இரண்டு வைத்திருங்கள். அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். திருட்டைவிடப் பறிமுதல்தான் இங்கே கவலை.

ஈரப்பதன் பற்றியும் ஒரு சொல். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படியும். பையைத் திறக்காமல் 20 நிமிடம் வைத்திருங்கள். வேலை இல்லாத மாதங்களில் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்காவிட்டால் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும், பிடித்தால் பெரும்பாலும் போகாது.

ஒலி ஏன் எப்போதும் கெட்டுப்போகிறது?

காரணங்கள் நான்கு: மின்விசிறி, தகரக்கூரை, முச்சக்கரவண்டி, பக்கத்து வீட்டு ரேடியோ.

சட்டையில் குத்தும் மைக்கை நாடியிலிருந்து ஒரு சாண் கீழே பொருத்துங்கள். சேலைக்கு நெஞ்சின் நடுவில் குத்தினால் தலைப்பு உரசும். தோள்மடிப்பின் உட்பக்கம் பாதுகாப்பு. உச்ச அளவு கழித்தல் 12 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஆட்கள் முதலில் மெதுவாகப் பேசி, கோபம் வந்ததும் குரலை உயர்த்துவார்கள், முக்கியமான வசனம் அங்கேதான் வெடித்து நாசமாகும். 24 பிட், 48 கிலோஹேட்ஸில் ஸ்டீரியோ பதிவு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபிதான். ஆகவே கமராவை நிறுத்தினாலும் ஒலியை நிறுத்தாதீர்கள்.

மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் பத்துக்குப் பத்து அறையில், ஏப்ரல் மாதத்தில், பத்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தி வைப்பது கொடுமை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை விடுங்கள். பேட்டி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொல்லி 60 நொடி வெறும் அறைச் சத்தத்தைப் பதியுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களை அதுதான் மூடும்.

பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடினால் இணையத்தில் ஏற்றிய அன்றே உரிமைக் கோரல் வந்து ஒலி முழுவதும் ஊமையாகலாம். கடைக்காரரிடம் ஒரு பிளேன்டீ வாங்கிக்கொண்டு கேட்டால் ரேடியோவைக் குறைப்பார்.

எந்த நேரம், எந்த மாதம் நல்லது?

புறக்கோட்டைக்கு விடியற்காலை 4 முதல் 7 வரை. லொறிகள் நாலாம் குறுக்குத் தெருவில் அரிசியும் வெங்காயமும் இறக்குவது, கைக்கரத்தைகள் ஒன்றோடொன்று முட்டாமல் திரும்புவது எல்லாம் அப்போதுதான். ஒன்பது மணிக்குப் பிறகு போனால் வாங்க வந்த கூட்டம்தான் படத்தில் நிறையும். காய்கறி மொத்த வியாபாரம் பேலியகொடைக்குப் போய்விட்டது. பழைய மெனிங் சந்தைப் படங்களைப் பார்த்துவிட்டு ஒல்கொட் மாவத்தைப் பக்கம் தேடி அலைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். தோட்டங்களுக்கு அவைதான் உகந்த நாட்கள், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் மதியத்துக்குப் பின் இடிமழை, ஆகவே முக்கிய வேலையைக் காலையில் முடித்துவிடுங்கள். மழையைத் தவிர்க்கத்தான் வேண்டும் என்றில்லை: 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் எந்த மட்டத்துக்கு நீர் ஏறியது என்பதைச் சுவரைக் காட்டி இன்றும் சொல்வார்கள். அடுத்த மழையில் அதே சுவரருகே போய் நில்லுங்கள்.

எங்கே அனுமதி வேண்டும்?

பொது வீதியில் கையில் வைத்து எடுக்கப் பொதுவாக வேண்டியதில்லை. துறைமுகம், படைமுகாம், சிறைச்சாலை, நீதிமன்ற வளாகம் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம். ரயில் நிலையத்திலும் தண்டவாளத்திலும் படப்பிடிப்புக்கு ரயில்வே திணைக்கள அனுமதி தேவை. அனுமதி இருந்தாலும் தண்டவாளத்தில் நடப்பது உயிர் விளையாட்டு. முக்காலியை விரித்தால் "படப்பிடிப்பு" ஆகிவிடும், உடனே யாராவது வந்து கேட்பார்; விரிக்காமல் சுவரில் சாய்ந்து எடுங்கள்.

ட்ரோனைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதிவு செய்ய வேண்டும். கோட்டை, துறைமுகம் சார்ந்த வான்பரப்பில் தனியாளுக்கு அனுமதி கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். மேலிருந்து ஒரு காட்சி வேண்டுமானால் தெமட்டகொடயின் பன்னிரண்டு மாடித் தொடர்மாடியில் ஒரு குடும்பத்தைப் பழக்கம் பிடியுங்கள். ட்ரோன் காட்டாத ஒன்றும் அங்கே கிடைக்கும்: மின்தூக்கி பழுதான நாளில் எரிவாயுச் சிலிண்டரோடு படியேறும் ஆள்.

பொலிஸார் நிறுத்தினால்?

கமராவைக் கீழே இறக்கி, அடையாள அட்டையைக் கொடுத்து, செய்வதை ஒரே வசனத்தில் சொல்லுங்கள். "ஆவணப்படம்" என்றால் சந்தேகம், "இந்தத் தெருவின் பழைய கடைகளைப் பற்றி எடுக்கிறேன் சேர்" என்றால் விளங்கும். பொய் சொல்ல வேண்டாம், விரிவுரையும் வேண்டாம். அழிக்கச் சொன்னால் தெருவில் நின்று சட்டம் பேசிப் பயனில்லை. அழித்தபின் அந்தக் கார்ட்டில் வேறெதையும் பதியாமல் எடுத்து வைத்தால், வீட்டில் மீட்பு மென்பொருளால் பெரும்பாலும் திரும்ப எடுக்கலாம்.

நிலையத்துக்குக் கூட்டிச் சென்றால் நிலையத்தின் பெயரை உடனே வீட்டுக்கும் ஒரு சட்டத்தரணிக்கும் அனுப்புங்கள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் கையெழுத்திடாதீர்கள். தமிழும் அரசகரும மொழி, தமிழில் எழுதக் கேட்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996.

தோட்டத்துக்குள் எப்படிப் போவது?

அரசியல்வாதியின் ஆள் வழியாகப் போனால் அவருக்குப் பிடித்தவர்கள் மட்டும் பேசுவார்கள். பொலிஸ் வழியாகப் போனால் யாருமே பேசமாட்டார்கள். அந்தப் பகுதிச் சண்டியரின் "பாதுகாப்போடு" போனால் பிறகு அவர் படத்தைப் பார்க்கக் கேட்பார்.

நல்ல வாசல்கள் மரண உதவிச் சங்கம், கோவில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகம், முன்பள்ளி ஆசிரியை, பொதுக்குழாயடி. மரண உதவிச் சங்கத்துக்கு மதபேதம் கிடையாது; தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் ஒரே கொப்பியில் சந்தா கட்டியிருப்பார்கள், செயலாளருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். முதல் மூன்று தடவை கமரா இல்லாமல் போங்கள். நான்காவது தடவை கமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எடுக்காமல் இருங்கள். பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்துச் சலித்த பிறகு வேலையைத் தொடங்கலாம்.

அழைக்கும் முறையில் கவனம் வேண்டும். அக்கா, அண்ணே தமிழ் வீட்டுக்குச் சரி. முஸ்லிம் வீட்டில் அண்ணனை நானா என்பார்கள், மூத்த சகோதரி தாத்தா. அதே சொல் பக்கத்துச் சிங்கள வீட்டில் அப்பா, நமக்குப் பாட்டன். ஒரே முடுக்கில் மூன்றும் ஒலிக்கும். உபதலைப்புப் போடும்போது யார் வாயிலிருந்து வந்தது என்று பார்க்காமல் மொழிபெயர்த்து, இருபது வயதுப் பெண்ணைக் கிழவனாக்கிய படங்கள் உண்டு.

சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டுமா?

கையெழுத்துத் தாள் என்றாலே வீடு உடைக்கும் கடிதம் ஞாபகம் வரும் இடங்கள் இவை. குரலில் வாங்குங்கள்: பெயர், திகதி, எதற்காக, எங்கே வெளிவரும், இணையத்தில் வரும், வெளிநாட்டிலிருக்கும் உறவினரும் பார்க்கலாம், வேண்டாமென்றால் எந்தத் திகதிவரை சொல்லலாம். எல்லாம் அவருடைய மொழியில். இறுதி வடிவத்தைக் காட்டி இரண்டாம் தடவையும் கேளுங்கள். முதல் தடவை மரியாதைக்காக "சரி" சொல்பவர்கள் பலர்.

பிள்ளைகளுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பாடசாலைச் சீருடைப் பட்டியும் பாடசாலைப் பெயரும் தெரியக்கூடாது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி குற்றம், அவரே சம்மதித்தாலும் செய்யாதீர்கள். பாலியல் தொழிலாளரை 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைக் காட்டி இன்றும் பிடிக்கிறார்கள், ஆகவே அவர் நிற்கும் சந்தியை அடையாளம் காட்டுவதும் அவரைக் காட்டிக்கொடுப்பதே. தூள், ஐஸ் போன்ற போதைப்பொருள் பாவிக்கும் கணத்தைப் படம் எடுக்கவே வேண்டாம். நீங்கள் வெளியிடாவிட்டாலும் அந்தப் பதிவு ஒருநாள் சாட்சியமாகலாம்.

முகத்தை மங்கலாக்கினால் போதாதா?

போதாது. அயலவர் முகத்தைப் பார்த்து ஆளை அறிவதில்லை. நடை, செருப்பு, கையில் குத்திய பச்சை, கதவிலக்கம், சுவரின் நிறம், பின்னால் கேட்கும் குழந்தையின் பெயர் போதும். குரலைத் தடிப்பாக்கும் மாற்றத்தைத் திரும்பச் சரிசெய்ய முடியும். பாதுகாப்பான வழி, தொடக்கத்திலேயே கைகளையும் நிழலையும் மட்டும் எடுத்து, பேச்சை எழுத்தாக்கி இன்னொருவரைக் கொண்டு வாசிக்க வைப்பது. மங்கலாக்காத மூலக்கோப்பைக் குறியாக்கிய வட்டில் வையுங்கள், படத்தோடு சேர்ந்து பதியும் இடத் தகவலை ஏற்றுமுன் நீக்குங்கள்.

காசு கொடுக்கலாமா?

பேச்சுக்குக் கொடுக்காதீர்கள், இழந்த நேரத்துக்குக் கொடுங்கள். நாட்டாமி ஒருவர் அரைநாள் உங்களோடு இருந்தால் அவருக்கு அரைநாள் கூலி போய்விட்டது. தொகையைத் தொடங்குமுன் பேசுங்கள், படத்திலும் சொல்லுங்கள்.

கறுப்பு வெள்ளை, நடுங்கும் கமரா, சோக வயலின்?

மூன்றும் வேண்டாம். தோட்டத்து வீடுகள் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று கொண்டாட்டமாக வர்ணம் பூசியவை. கறுப்பு வெள்ளையாக்கினால் வறுமை கூடித் தெரிகிறது, அது நீங்கள் சேர்த்த வறுமை. பாதாளக் குழு, கசிப்பு, கத்தி என்று தலைப்பு வைத்தால் பார்வையாளர் கூடலாம். அந்தத் தோட்டத்து விலாசத்தை எழுதி வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்குப் பதில் கடிதம் வராது.

ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்த வேலைக்குக் கமராவைவிடக் கூரிய கருவி. எந்தப் பிரஜையும் தமிழில் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன்பின் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

கேள்வியை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் கழிவறை கட்டவில்லை?" என்றால் பதில் வராது, அது தகவல் அல்ல. "இந்த வட்டாரத்தில் மாநகர சபை பராமரிக்கும் பொது மலசலகூடங்களின் பட்டியல், 2022, 2023, 2024 ஆண்டுகளில் ஒவ்வொன்றுக்கும் செலவான தொகை, ஒப்பந்தக்காரர் பெயர், கடைசியாகப் பரிசோதித்த திகதி" என்றால் தாள் வரும். ஒரு விண்ணப்பத்தில் ஒரு விடயம் மட்டும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வையுங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் தாள்களையும் மறக்கவேண்டாம்: தவணைப் பற்றுச்சீட்டு, மாற்றுவீடு தருவதாக வந்த கடிதம், பழைய வரிச்சீட்டு. ஒரு தட்டையான மேசை, ஜன்னல் வெளிச்சம், கைப்பேசி போதும். உரிமையாளர் முன்னிலையில் எடுத்து, மூலத்தை அப்போதே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

சட்டச் சிக்கல் எதில் வரும்?

குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது, குடியியல் வழக்குப் போடலாம். உண்மை என்று மட்டும் காட்டினால் போதாது, பொதுநலனுக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். ஆளின் பெயரைச் சொன்னால் கையில் தாள் இருக்க வேண்டும். மதம் சார்ந்த காட்சியில், மத, இன வெறுப்பைத் தூண்டுவதைத் தண்டிக்கும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தையும், இணையத்தில் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் மனதில் வையுங்கள். மண்டபத்தில் பொதுமக்களுக்குப் படம் காட்டப் பகிரங்க அரங்காற்றல் சபையின் சான்றிதழ் தேவை.

தமிழ் எழுத்து ஏன் உடைகிறது?

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அப்படியே உபதலைப்புக் கோப்பில் ஒட்டியிருப்பீர்கள். யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎப் 8 ஆகச் சேமியுங்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக நின்றால் எடிட்டிங் மென்பொருளின் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்ற வேண்டும். வரிக்கு ஐந்து சொல், இரண்டு வரி. அதற்கு மேல் வாசிக்க முடியாது.

போட்டோக்கொப்பி சஞ்சிகை எப்படிச் செய்வது?

ஏ4 தாள் ஒன்றை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். 6 தாளுக்கு அட்டையோடு 24 பக்கம். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். தாள் கூடக்கூட ஸ்டேப்ளர் ஊசி பிடிப்பதும் மடிப்பு நிற்பதும் கஷ்டம். உள் ஓரத்தில் 15 மில்லிமீற்றர் வெற்றிடம் விடுங்கள். பெரிய பிழை படங்களில்தான் வரும்: போட்டோக்கொப்பி இயந்திரம் கருமையைக் கூட்டும், நம்முடைய முகங்கள் மூக்கும் கண்ணும் இல்லாத கறுப்புத் திட்டாகிவிடும். நடுத்தொனியை நன்றாக உயர்த்தி, புள்ளிப்படமாக (ஹாஃப்டோன்) மாற்றி, ஒரு பக்கத்தை மட்டும் முதலில் அடித்துப் பாருங்கள். அச்சகத்தின் பெயரும் விலாசமும் கடைசிப் பக்கத்தில் வரவேண்டும்.

முதலில் எங்கே காட்டுவது?

எடுத்த இடத்திலேயே. வெள்ளைப் படுக்கைவிரிப்பு, இரவல் புரொஜெக்டர், சங்கத்தின் ஒலிபெருக்கி. மாலை ஏழு மணிக்குப் பிறகுதான் இருள் போதும். தவறான பெயர், தவறான ஆண்டு, விட்டுப்போன ஆள் எல்லாம் அங்கேயே அகப்படும். திருத்த ஒரு மாதமாவது ஒதுக்கிவிட்டு மண்டபத்துக்குத் திகதி எடுங்கள்.

வெளியான பிறகு ஒருவர் தன்னை நீக்கச் சொன்னால்?

நீக்குங்கள். காரணம் கேட்கவேண்டாம். இதற்காகவே ஒவ்வொருவரின் பகுதியையும் தனி வரிசையாக எடிட் செய்து வைத்தால் ஒரு மாலையில் முடியும் வேலை. இணையத்தில் புதிய பிரதியை ஏற்றி, பழையதை மறைக்காமல் முற்றாக அழித்து, மற்றவர்களிடம் கொடுத்த பிரதிகளின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள்: யாருக்கு, எந்தத் திகதி, எந்தப் பிரதி.